பயிர் பண்ணிட்டு வாரேன்

இங்கிலீஷ் இலக்கணத்தை உண்டாக்கினவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவனை வடகால் மதகில் கட்டிவைத்து ஒரு கேள்வி கேட்பேன். 'ஹேவ்' என்றால் 'வைத்திருக்கிறேன்' என்று முதல் பாடத்தில் சொல்லிவிட்டு, மூன்றாம் பாரம் வகுப்புக்கு வந்ததும் அதே ஹேவைக் கண்ட வினைச்சொல்லுக்கெல்லாம் முன்னால் எதற்கடா நிறுத்தினாய்? இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சோறு தின்கிறேன். 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் தின்று முடித்தாயிற்று. 'ஐ ஹேவ் பீன் ஈட்டிங்' என்றால் தின்றுகொண்டே வருகிறேன், இன்னும் இலையை எடுக்கவில்லை. பையன்களுக்கு இந்த வித்தியாசம் தலையில் ஏறாது, எனக்குப் பிரம்பு முறியும். அவ்வளவுதான் இதனால் வருகிற சேதம் என்று நினைத்திருந்தேன். இந்த வித்தியாசத்தால் ஒருத்தியின் நிலமே கைவிட்டுப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், போடா பைத்தியக்காரா என்றிருப்பேன்.

அந்த ஒருத்தி பிரம்மநாயகி மதினி. பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவைகுண்டத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் அம்பலவாணன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அண்ணாச்சி நல்ல மனுஷர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். ஆனால் மண்வெட்டிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். விடிந்தால் ஆற்றில் குளியல், அப்புறம் கோயில், அப்புறம் சாவடியில் சீட்டாட்டம், சாரல் விழுந்தால் குற்றாலம். ஜமீனிடம் குத்தகைக்குப் பிடித்திருந்த வாழைத் தோட்டத்தைக் கட்டி அழுததெல்லாம் மதினிதான். பதினாலு வயதில் வடகால் தண்ணீரில் இறங்கினவள், பிறகு ஏறவே இல்லை. சைவப்பிள்ளைமார் வீட்டுப் பெண் வயலில் இறங்கலாமா என்று தெருவே முகவாயில் கை வைத்தது. "வச்ச கையை எடுக்காதிய. எடுத்தா எனக்குச் சோறு போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, மதினி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். எனக்கும் அப்படித்தான். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

அண்ணாச்சி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஜமீன் காரியஸ்தர் பூதலிங்கம் பிள்ளை துக்கம் கேட்க வந்தார். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனிமே உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? தோட்டத்தை ஜமீன்ல ஒப்படைச்சிட்டு, வீட்டோட இருந்து சிவசிவான்னு சொல்லுங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மதினி, "சிவசிவான்னு தோட்டத்துல நின்னும் சொல்லலாம் அண்ணாச்சி" என்று அனுப்பிவைத்தாள்.

அதற்கு அடுத்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில், புதுச் சட்டம் வந்தது. ஜமீன் நிலத்தை இன்றைய தேதியில் எவர் பயிர் செய்துவருகிறாரோ அவரை இனிமேல் ஜமீன் கிளப்ப முடியாது, நிலம் அவருக்கே நிலைக்கும் என்று சட்டம். சாமி வரம் கொடுத்துவிட்டது. ஆனால் பூசாரி இருக்கிறாரே, அவர் கொடுப்பாரா? பூதலிங்கம் பிள்ளை ஒரு பிராது போட்டார். பயிர் செய்தவர் அம்பலவாணன், அவர் சட்டம் வருமுன்பே செத்துப்போனார், சைவ வீட்டு விதவை வயலில் இறங்கும் வழக்கம் கிடையாது, ஆகவே இப்போது அந்த நிலத்தைப் பயிர் செய்பவர் யாரும் இல்லை. இதுதான் பிராது. முப்பது வருஷம் அவள் வயலில் இறங்கக்கூடாது என்று வைத பேச்சு, இப்போது அவள் இறங்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

விசாரணை ஸ்ரீவைகுண்டம் முசாபரி பங்களாவில், சப்கலெக்டர் துரை முகாம் வந்தபோது நடந்தது. துரை சின்ன வயது, சீமையிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா நின்றார். அவர் கோதாவரிப் பக்கத்துக்காரர், தமிழைச் சென்னைப்பட்டணத்தில் கற்றவர். நான் மதினிக்குத் துணையாகப் போய்ச் சுவரோரம் நின்றேன். குமாஸ்தா கேட்டார், "அந்த நிலத்தை நீ என்ன செய்கிறாய்?"

மதினி நிமிர்ந்து நின்று சொன்னாள், "பயிர் பண்ணிட்டு வாரேன்."

எங்கள் சீமையில் இதைவிடத் தெளிவாக ஒருத்தி பதில் சொல்ல முடியாது. 'பண்ணிட்டு வாரேன்' என்றால் அன்றைக்கும் பண்ணினேன், இன்றைக்கும் பண்ணுகிறேன், விடவே இல்லை என்று பொருள். ஆனால் 'குளிச்சிட்டு வாரேன்' என்றால் மட்டும் குளித்து முடித்த பிறகு வருகிறேன் என்று பொருள். வார்த்தை ஒன்றுதான், இடத்துக்கு இடம் வேறு. எந்த இடத்தில் எது என்று எங்கள் ஊர் மாட்டுக்குக்கூடத் தெரியும். குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அவர் துரை பக்கம் திரும்பி, "ஷி ஹேஸ் கல்டிவேட்டட் த லேண்ட் அண்ட் கம் அவே" என்றார். நிலத்தைப் பயிர் செய்து முடித்துவிட்டாளாம், விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். துரை தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

நான் சுவரை விட்டு ஒரே எட்டில் மேஜைக்கு வந்துவிட்டேன். அது தப்பு, 'ஹேஸ் பீன் கல்டிவேட்டிங்' என்று இருக்கவேண்டும் என்று இங்கிலீஷிலேயே சத்தம் போட்டேன். துரை என்னை ஏறிட்டுப் பார்த்து "சிட் டவுன்" என்றார். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. குமாஸ்தா, "நீர் யார்? கட்சிக்காரரா, வக்கீலா?" என்று கேட்டார். பூதலிங்கம் பிள்ளை என் தோளில் கையை வைத்து, "குத்தாலலிங்கம், பிள்ளையள அதட்டுத இடம் அங்கன, பள்ளிக்கூடம். இங்கன பைய பேசணும்வே" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிட்ட வேகத்தில் அவர் அங்கவஸ்திரம் கீழே விழுந்தது. என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தீர்ப்பை அடுத்த முகாமுக்குத் தள்ளிவைத்தார் துரை.

திரும்பி வருகிற வழியில் மதினிக்கு நடந்ததைச் சொன்னேன். தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"விட்டுட்டு வந்துட்டேனா? எங்க வந்தேன்? அந்தக் குமாஸ்தா வீட்டுக்கா வந்தேன்?"

"தமிழ்ல சொன்னதை அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியலை, மதினி."

"அவனுக்குத் தெரியலைன்னா என் தோட்டம் போகணுமா? தொரை திரும்பி வருவான்லா, அப்ப நானே அவன் பாஷையில சொல்லுதேன். அந்த ஒத்த வரியை எனக்குச் சொல்லிக்குடு."

மறுநாளே ஆரம்பித்தோம். நான் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் வழியில்தான் தோட்டம். நான் வரப்பில் நிற்பேன், மதினி வாழைக்குக் கீழே மண் அணைத்துக்கொண்டே கேட்பாள். ஊர் வாய்க்குப் பயந்து மாரிக்கண்ணுவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மாரிக்கண்ணு தோட்டத்தில் கூலிக்கு வருகிறவள். அவள் போன விசாரணையில் சாட்சி சொல்லப் போய், கூலி வாங்குகிறவள் சாட்சி செல்லாது என்று துரத்தப்பட்டவள். அந்தக் கோபம் அவளுக்கு.

'ஐ ஹேவ்' உடனே வந்துவிட்டது. "ஹேவ்னா என்ன?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்று பொருள், ஆனால் இங்கே அந்தப் பொருள் இல்லை, இது துணைவினை என்று நான் விளக்கப் போனேன். "ஏன் இல்லை? நிலத்தை நான் வச்சிருக்கேன்லா? அப்ப ஹேவ் சரிதான். நீ சும்மா குழப்பாத" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஹேவ் என்பது பட்டாவுக்குச் சமானம். ஹேவ் இருந்தால் நிலம் இருக்கிறது, ஹேவ் போனால் நிலம் போச்சு. எங்கள் தலைமை உபாத்தியாயரிடம்கூட இவ்வளவு அழுத்தமான விளக்கம் நான் கேட்டதில்லை.

அடுத்த வார்த்தையில்தான் சண்டை. 'பீன்' என்றேன். மதினி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"என்ன வார்த்தை அது? காலங்காத்தால வாயில வைக்கிற வார்த்தையா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் மதினி."

"அவங்க கழுவாத சாதி, சொல்லிக்கிடட்டும். திருநீறு பூசின வாயால தொரை முன்னால நின்னு நான் பீங்க மாட்டேன்."

மாரிக்கண்ணு சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தோட்டம் போகிற நேரத்தில் வார்த்தையில் ஆசாரம் பார்க்கிறாளே என்று கத்தினேன். அவளும் கத்தினாள். கடைசியில் 'பின்' என்று சொல்வதாகச் சமாதானம் ஆயிற்று. முன்னுக்குப் பின் என்பதில் வருகிற பின். 'முப்பது வருஷமாக' என்பதற்கு 'ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்றேன். "பாருன்னு சொல்லி முப்பது வருஷம், அதான? அது நல்லாருக்கு" என்று ஏற்றுக்கொண்டாள். 'கல்டிவேட்டிங்' வாயில் நுழைய ஒரு வாரம் பிடித்தது. அதற்குள் மாரிக்கண்ணுவுக்கு முழு வரியும் மனப்பாடம்.

சும்மா மனப்பாடம் போதாது என்று நான் மாற்றி மாற்றிக் கேட்பேன். 'கல்டிவேட்டட்' என்றால்? "செஞ்சேன். போச்சு." 'ஹேவ் கல்டிவேட்டட்' என்றால்? "செஞ்சி முடிச்சேன். அந்தக் குமாஸ்தா சொன்னது." 'ஹேவ் பின் கல்டிவேட்டிங்'? "செஞ்சிட்டு வாரேன்." 'ஹேட் பின் கல்டிவேட்டிங்' என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அது என்ன புதுசு என்றாள். முன்னொரு காலத்தில் செய்துவந்தான், இப்போது இல்லை என்றேன். "அது நமக்கு வேண்டாம்" என்று மண்ணை வெட்டிப் போட்டாள்.

துரை மறுபடி முகாம் வந்தார். பங்களாவில் ஊரே கூடியிருந்தது. இங்கிலீஷ் பேசப்போகிற பொம்பளையைப் பார்க்க வந்த கூட்டம். குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டாள், "ஐ ஹேவ் பின் கல்டிவேட்டிங். பார் தர்ட்டி இயர்ஸ்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. "யூ ஹேவ் பின் கல்டிவேட்டிங்?" என்று திருப்பிக் கேட்டார். கவனித்தீர்களா, துரையும் 'பின்' என்றுதான் சொன்னார். மதினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குக்கூட ஜெயித்துவிட்டோம் என்றே தோன்றியது.

அப்போது பூதலிங்கம் பிள்ளை எழுந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, குமாஸ்தா மூலமாகத்தான் பேசினார். "எசமான், அடுப்பு ஊதுத பொம்பளைக்கு இங்கிலீஷ் ஏது? இது சொல்லிக்கொடுத்த சாட்சி. சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதோ சுவரோரம் நிக்குதாரு." இந்தப் பேச்சைக் குமாஸ்தா ஒரு எழுத்துத் தப்பாமல் மொழிபெயர்த்தார். அன்றைக்கு மட்டும் அவருக்குத் தமிழ் அப்படி வந்தது. துரையின் சிரிப்புப் போய்விட்டது. "நவ் டெல் மீ, ஹூ டாட் யூ திஸ்?", சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். மதினிக்கு என்ன தெரியும்? கேள்வி எதுவானாலும் தன்னிடம் இருப்பது ஒரே பதில்தானே. "ஐ ஹேவ் பின் கல்டிவேட்டிங்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தப்பாகச் சொன்னால் நிலம் போகும், சரியாகச் சொன்னால் கிளிப்பிள்ளை. இந்த நியாயத்தை எந்தத் தேசத்து இலக்கணத்தில் எழுதிவைத்தார்களோ.

துரை அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். முதல் வாக்குமூலம்தான் கலப்பில்லாதது, அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று தொடங்கி, "ஹர் ஹஸ்பண்ட் அம்பலவாணன் ஹேட் பின் கல்டிவேட்டிங்" என்றார். குமாஸ்தா தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் மதினி என் பக்கம் திரும்பினாள்.

"குத்தாலம், அவரு ஹேவ் சொல்லலியே."

துரையின் பக்கம் கையை நீட்டிக்கொண்டு மேலே சொன்னாள்.

"ஹேட்டுல்லா சொல்லுதாரு. உங்க அண்ணாச்சி செஞ்சிட்டு வந்தாருன்னா சொல்லுதாரு? யாரு, அவரா? அவரு வாழை இலையில சாப்பிட்டதுதான உண்டு. வாழைக்கு ஒரு செம்புத் தண்ணி விட்டதுண்டா?"

இதை அவள் கத்திச் சொல்லவில்லை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். செத்த புருஷன்மேல் அவள் அதுவரை ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் அவள் வெட்டின மண்ணை ஒரே ஒரு 'ஹேட்' தூக்கி, சீட்டாடிக்கொண்டிருந்தவர் கையில் கொடுத்துவிட்டது.

நிலம் ஜமீனுக்கே என்று தீர்ப்பாயிற்று. திருநெல்வேலியில் அப்பீல் போட்டோம். நிலத்தில் யாரும் கை வைக்காமல் இருக்க ஒரு தடை உத்தரவு கேட்டோம். வக்கீல் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னார். உத்தரவு வந்து சேரும் நேரத்தில் அந்த அம்மாள் தோட்டத்துக்குள் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் கோர்ட் சேவகன் அமீனா அவளை வெளியேற்றி, நிலத்தை ஜமீன் கையில் ஒப்படைத்துவிட்டால், உத்தரவை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். இதை நான் மதினியிடம் சொன்னேன். "உள்ள இருக்கணும், அவ்வளவுதான? நீ போய் வாங்கிட்டு வா" என்றாள்.

நான் கொக்கிரகுளத்துக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த நாளில்தான் பூதலிங்கம் பிள்ளை அமீனாவோடு தோட்டத்துக்கு வருகிறார் என்ற சேதி கிடைத்தது. உத்தரவில் கையெழுத்தாகும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. ஜட்கா பிடித்தேன். அந்தக் குதிரையை நான் வைத வசவுக்கு அது என் பிள்ளைகளைச் சபித்திருக்கும். ஆற்றோரமாகவே சாலை, கூடவே தண்ணீர் ஓடுகிறது, அது எங்களை முந்திக்கொண்டு போவதாகத் தோன்றிற்று. இந்நேரம் மதினியை இழுத்து ரோட்டில் விட்டிருப்பார்கள், வாழையில் அரிவாள் விழுந்திருக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்து நினைத்துப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே வந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்குத் தோட்டத்தில் இறங்கினேன். வாழைகள் நின்றன. வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு பூதலிங்கம் பிள்ளை உட்கார்ந்திருந்தார். அமீனா பூவரச மரத்தடியில் தலைப்பாகையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜமீன் ஆட்கள் வெற்றிலை போட்டுத் துப்பித் துப்பி அந்த இடமே சிவப்பாகக் கிடந்தது. உள்ளே மதினி இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு மடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

மாரிக்கண்ணு ஓடிவந்து சொன்னாள். காலையில் அமீனா வந்து, வெளியே வாரும் என்று கூப்பிட்டிருக்கிறான். மதினி நிமிர்ந்து, "தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்" என்றாளாம். பூதலிங்கம் பிள்ளைக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. பாய்ச்சட்டும், நாளைக்கு ஜமீனுக்கு ஆகப்போகிற வாழைதானே, நமக்குத்தானே லாபம் என்று ஒரு கணக்கு. அதோடு, வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன சொந்தச் சாதி விதவையைக் கையைப் பிடித்து இழுத்தால் நாளைக்குத் தெருவில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. உட்கார்ந்துவிட்டார். மதினி ஒரு பாத்தி பாய்ச்சினாள், அடுத்த பாத்தி பாய்ச்சினாள், கடைசிப் பாத்தி முடிந்ததும் முதல் பாத்திக்குத் திரும்பினாள். உச்சியில் ஒரு தடவை, "இன்னும் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அதான் சொன்னேன்லா அண்ணாச்சி, தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்" என்று மறுபடியும் அதே பதில்.

நான் அமீனாவை எழுப்பி உத்தரவை அவன் கையில் திணித்தேன். அவன் வாசித்தான், தலைப்பாகையை உதறிக் கட்டினான், "இனிமே எனக்கு இங்கே வேலையில்லை" என்று வரப்பில் ஏறிவிட்டான். பூதலிங்கம் பிள்ளைக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா இது? வாரேன்னு வாக்குக் குடுத்தியளே. காலையில இருந்து வெயில்ல உக்காந்திருக்கேன். தண்ணி பாய்ச்சிட்டு வாரேன்னா என்ன அர்த்தம்?"

மதினி மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினாள். அவரைப் பார்க்கவில்லை. மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"குத்தாலம், அந்த ஹேவ் பின்னை அண்ணாச்சிக்கும் ஒருக்கா சொல்லிக்குடு."